மாடிக்கு மாடி வைஃபை: சேனலைப் பேசி வைத்துப் பிரித்துக்கொள்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இணையம் இழுத்து இழுத்து வருகிறது என்று தங்கள் நாளிதழுக்கு வாசகர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் குறை சொல்வது இணைப்பு கொடுத்த நிறுவனத்தை, இல்லாவிட்டால் பிளானை. 100 எம்பிபிஎஸ் போதவில்லை என்று 300-க்குப் போனவர்கள், அதுவும் சரிவரவில்லை என்று நிறுவனத்தையே மாற்றியவர்கள் எங்கள் குடியிருப்பிலும் உண்டு. பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் தகவல் தொடர்புப் பாடம் நடத்தியவன் நான். கண்ணாடி இழையில் வீட்டு வாசல் வரை வருகிற வேகத்தில் பெரும்பாலும் குறையே இருப்பதில்லை. ரவுட்டரிலிருந்து கைப்பேசி வரை காற்றில் போகிற அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான் எல்லாம் கெடுகிறது, அதைக் கெடுப்பது நாமும் நம் அக்கம்பக்கத்தாரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்வதும் இல்லை.

சந்தேகம் இருந்தால் ரவுட்டரில் நேராக லேன் கேபிளைச் செருகி மடிக்கணினியில் வேகம் பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து வைஃபையில் பாருங்கள், அதுவும் இரவு எட்டரை ஒன்பது மணிக்கு, வீட்டுக்கு வீடு தொடரும் கிரிக்கெட்டும் ஓடுகிற நேரத்தில். முதல் எண்ணை இரண்டாவது எண் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதன் காரணம் ரொம்ப எளிது, ஆனால் ரவுட்டர் மாட்ட வருபவர் யாரும் சொல்வதில்லை. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் மத்திய அரசு திறந்துவிட்டது. 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான் இடம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 1 முதல் 13 வரை சேனல் பட்டியல் தெரியும், ஏதோ 13 தனித்தனிப் பாதை இருப்பது போல. உண்மையில் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ளும் அகலம் 20. எனவே 1-ல் இருப்பவர் 2, 3, 4 மேலெல்லாம் படர்ந்துதான் உட்கார்ந்திருப்பார். ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11. முப்பது வீட்டுக்கும் மூன்றே சேனல், இதற்கு நடுவில் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமும் அதே பட்டையில்தான் வேலை செய்கின்றன.

இங்கே நிறையப் பேர் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "1-லும் 6-லும் கூட்டம், நடுவில் 3 காலியாக இருக்கிறதே, அங்கே போய்விடுவோம்" என்று தோன்றும். கைப்பேசியில் வைஃபை பார்க்கும் செயலி வைத்திருக்கும் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள், அது இரண்டு பக்கத்தாரையும் கெடுக்கும். வைஃபை என்பது பேசுவதற்கு முன் கேட்டுவிட்டுப் பேசும் ஏற்பாடு. தன் சேனலிலேயே இன்னொரு வைஃபை பேசுகிறது என்று அடையாளம் தெரிந்தால், அந்தச் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆகப் பலம் குறைவு) என்ற அளவுக்கு மெலிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். பக்கத்துச் சேனலிலிருந்து வழிந்து வருவது அதற்கு மொழியாகவே புரியாது, வெறும் இரைச்சல்தான். இரைச்சல் மைனஸ் 62-ஐத் தாண்டினால்தான் அது மதித்துக் காத்திருக்கும். இடையில் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில் விழும் சிக்னல்களுக்கு ரவுட்டர் காத்திருக்காது, மேலேயே பேசிவிடும், இரண்டும் கெட்டுப்போய் மறுபடி அனுப்ப வேண்டிவரும். ஒரே சேனலில் நான்கு பேர் இருந்தால் முறை வைத்து நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், வேகம் குறையும், ஆனால் வேலை நடக்கும். 3-க்குப் போய் நடுவில் உட்காருபவர் 1-ல் இருப்பவர்களுக்கும் 6-ல் இருப்பவர்களுக்கும் சேர்த்தே தொல்லை. ஆகவே கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11 மூன்றில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். இது ஒன்றை எல்லாரும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை போகும்.

மீதிப் பாதிக்குத்தான் கணக்கு வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டு, அவற்றுக்கு நேர் மேலே இரண்டு என்று நான்கு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ரவுட்டரும் ஒன்றுக்கொன்று கேட்கும். நான்கு வீடு, மூன்று சேனல், எப்படிப் பிரித்தாலும் யாரோ இருவர் ஒரே சேனலில் இருந்தே ஆக வேண்டும். எத்தனை விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது. தொல்லையே இல்லாத ஏற்பாடு கிடையாது என்று ஆன பிறகு, எந்த இருவர் பகிர்ந்துகொண்டால் நஷ்டம் குறைவு என்று பார்ப்பதுதான் வழி. கான்கிரீட் தளம் சிக்னலை நன்றாகவே மட்டுப்படுத்தும், செங்கல் சுவர் அதைவிடக் குறைவு. மூலைக்கு மூலை இருக்கும் வீடுகளுக்கு நடுவே சுவரும் தளமும் இரண்டும் வருகின்றன, தூரமும் கூடுதல், எனவே பகிர்வு அங்கே விழட்டும். கீழ்த்தளத்தில் வரிசையாக 1, 6, 11, 1. அதற்கு மேல் 6, 11, 1, 6. அதற்கும் மேல் 11, 1, 6, 11. இப்படி மாடிக்கு ஒரு வீடு தள்ளித் தள்ளிப் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் வராது, நேர் மேல் வீட்டுக்கும் வராது, ஒரு பக்கத்து மூலைவிட்டத்தில் மட்டும் ஒரே எண் வரும். நம் ஊர்க் கட்டடங்களில் ஒரு மாடியில் ஹால் இருக்கும் இடத்தில்தான் எல்லா மாடியிலும் ஹால் இருக்கும், டிவி மாட்டும் சுவரும் அதேதான், ரவுட்டரும் அங்கேதான். ஆகவே மேல் வீட்டு ரவுட்டர் சரியாக உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. செங்குத்தாக ஒரே சேனல் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

நான்காவது சேனல் ஒன்று கிடைத்தால் நான்கு வீட்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: 13 வரை நம் நாட்டில் அனுமதி உள்ளதால் 1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிக்க முடியும். ஆனால் கட்டடம் முழுக்க, சுற்றியுள்ள கட்டடங்களும் சேர்ந்து, அப்படி மாறினால்தான் பயன். மற்றவர்கள் 1, 6, 11-ல் இருக்கும்போது ஒருவர் மட்டும் 9-க்குப் போனால் மேலே சொன்ன 3-ஆம் சேனல் கதைதான். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சில கருவிகளுக்கு 13 கண்ணிலேயே படாது. என் கருத்தில் 1, 6, 11-ஐ விடக் கூடாது.

கட்டடம் இப்படிச் சீரான கட்டமாக இல்லாவிட்டால்? எல் வடிவம், நடுவில் முற்றம், பக்கத்து பிளாக் மிக அருகில், என்று இருந்தால்? அப்போது இது அசல் வரைபட நிறமிடல் கணக்காகிவிடும். ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு புள்ளி, ஒன்றையொன்று தொல்லை செய்யும் இரண்டைக் கோட்டால் இணைக்க வேண்டும், கோட்டின் இரு முனைக்கும் வேறு வேறு நிறம், அதாவது வேறு சேனல். கேட்கச் சின்னக் கணக்கு. முப்பது வீடு, மூன்று சேனல் என்றால் சாத்தியமான ஏற்பாடுகள் இருநூறு லட்சம் கோடிக்கும் மேல். இந்த வகைக் கணக்குக்கு எல்லாச் சமயத்திலும் விரைவாக விடை தரும் குறுக்குவழி இதுவரை கிடைக்கவில்லை, 1972-ல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் நிறமிடலும் ஒன்று. ஆனால் மிகச் சிறந்த விடை வேண்டாம், நல்ல விடை போதும் என்றால் கையாலேயே போடலாம். 1979-ல் பிரெலாஸ் என்பவர் சொன்ன வழி இது: அதிகக் கோடுகள் சேரும் புள்ளிக்கு முதலில் நிறம் கொடுங்கள். அடுத்து, தன்னைச் சுற்றி ஏற்கெனவே அதிக வகை நிறங்கள் விழுந்து, தேர்வு குறைந்துபோன புள்ளி எதுவோ அதற்குக் கொடுங்கள். இப்படியே போக வேண்டும். நெருக்கடியில் இருப்பவருக்கு முதலில், தாராளமாக இடம் உள்ளவருக்குக் கடைசியில். அப்புறம் யாராவது இருவர் மோதினால் ஒருவரை மாற்றிப் பார்த்து மொத்தத் தொல்லை குறைகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் இதை ஒரு கிராஃப் தாளில் போட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி செயலியில் எந்தெந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று குறித்துவந்தது கல்லூரிப் பிள்ளைகள். யாரும் பிளானை மாற்றவில்லை, புது ரவுட்டர் வாங்கவில்லை, மாலை நேரத் தொல்லை கண்கூடாகக் குறைந்தது.

"ரவுட்டரில் ஆட்டோ என்று போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா?" என்று உடனே கேட்பார்கள். பார்த்துக்கொள்ளும், தனக்கு மட்டும். பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது ஒருமுறை சுற்றிலும் கேட்டுவிட்டு எது காலியோ அதில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அசையாது. நம் ஊரில் கரண்ட் போய் வரும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். கட்டடத்தில் உள்ள எல்லா ரவுட்டரும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன, எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கின்றன, யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் எல்லாமே காலியாகத் தெரிகிறது, ஒரே மாதிரி தயாரிப்பு என்றால் ஒரே சேனலில் போய் விழவும் வாய்ப்பு உண்டு. இடையிடையே மாறுகிற ரவுட்டர்களிலும் சிக்கல் இருக்கிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் இரண்டும் 6-ல் நெரிசல் என்று கண்டு ஒரே நேரத்தில் 11-க்குத் தாவினால் அங்கேயும் அதே நெரிசல், திரும்பவும் இரண்டும் சேர்ந்து 6-க்கு. இதை உடைக்க, மாற வேண்டும் என்று தோன்றினாலும் பாதி நேரம்தான் மாறுவது என்று கொஞ்சம் குலுக்கலைச் சேர்ப்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம். நம் வீட்டுப் பெட்டியில் அது இருக்கிறதா என்று வாங்குபவரால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சேனலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சக்தி. நம் வீட்டில் சிக்னல் குறைந்தால் நாம் செய்வது, இன்னும் "பவர்ஃபுல்" ஆக இரண்டு கொம்பு கூடுதலாக உள்ள ரவுட்டரை வாங்குவது. பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் செய்வார். ஆடி மாதத்தில் அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு கோயில்களும் கூம்பு ஒலிபெருக்கியை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் எந்தப் பாட்டும் காதில் விழாதே, அதுதான் இதுவும். கைப்பேசி வலையமைப்புகளில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். நம் நாட்டில் முன்பு ஓடிய சிடிஎம்ஏ கைப்பேசிகளுக்குக் கோபுரம் ஒரு நொடிக்கு 800 முறை "ஏற்று, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், 3ஜி-யில் அது 1,500 முறை. 1993-ல் ஃபோஷினி, மில்ஜானிக் என்ற இருவர் அழகாக ஒன்றைக் காட்டினார்கள்: ஒவ்வொருவரும் தனக்குத் தேவையான தெளிவு எவ்வளவோ அதற்கு மட்டும் சக்தியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு போனால், எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கும் பட்சத்தில், மத்தியில் அதிகாரி யாரும் இல்லாமலே அந்த ஏற்பாட்டுக்குத் தானாக வந்துசேரலாம், அதுவும் மிகக் குறைந்த சக்தியில். இதில் முக்கியம், தேவைக்கு மேல் ஏற்றுவதில்லை என்ற ஒழுக்கம். ரவுட்டர் அமைப்பில் சக்தியை உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மாற்ற இடம் இருக்கும். 3 டெசிபல் குறைத்தாலே சக்தி பாதி. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நடுத்தரமே தாராளம்.

கோபுரக்காரர்களின் சேனல் கணக்கும் சும்மா இல்லை. ஜிஎஸ்எம் (2ஜி) தொடக்க காலத்தில் நம் நாட்டில் ஒரு நிறுவனத்துக்கு முதலில் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ் (கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கும் தனித்தனியாக), ஒரு சேனல் 200 கிலோஹெர்ட்ஸ், ஆக 22 சேனல். ஒரு பெருநகரம் முழுவதையும் இந்த 22-ஐத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி மூட வேண்டும். அந்தப் பொறியாளர்கள் செய்ததில் நூறில் ஒரு பங்கு கவனம்கூட நம் வீட்டு வைஃபைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் போதாதா? நல்லதுதான், மாறுங்கள். 2018-ல் அரசு இங்கே மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமமில்லாமல் திறந்தது. ஆனால் அங்கே வேறு ஒரு ஆசை குறுக்கே வருகிறது, அகலம். 20 மெகாஹெர்ட்ஸ் என்று பிரித்தால் சுமார் 25 சேனல் கிடைக்கும், 80 என்று வைத்தால் ஆறு, 160 என்றால் இரண்டே இரண்டு. பெட்டியில் அச்சடித்த பெரிய வேகத்தைக் காட்ட எல்லா ரவுட்டரும் அகலத்தை அதிகமாக வைத்தே வருகின்றன, போதாதற்கு நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் 36-ஆம் சேனலிலோ 149-ஆம் சேனலிலோ வந்து குவிந்திருக்கின்றன. தனி வீட்டில் இருப்பவர் 80 வைத்துக்கொள்ளட்டும். நெருக்கமான அடுக்குமாடியில் 40 போதும். 2.4-ல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் 40 கூடாது, 20-தான். 6 கிகாஹெர்ட்ஸில் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸைத் திறப்பதற்கான வரைவு விதிகளை அரசு 2025 மே மாதம் வெளியிட்டது, வரவேற்கிறேன். ஆனால் 160 அகலத்தில் அங்கே கிடைப்பது மூன்று சேனல்தான். மறுபடியும் மூன்று! பேசி வைத்துப் பிரிக்காவிட்டால் சில ஆண்டுகளில் அங்கேயும் இதே நெரிசல் வரும்.

"இதையெல்லாம் யார் ஒருங்கிணைப்பது, நடக்கிற காரியமா" என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கைப்பேசிச் சேவைக்கு இடம் வேண்டும் என்று, அங்கே ஒலிபரப்பில் இருந்த தொலைக்காட்சி நிலையங்களைக் குறைந்த சேனல்களுக்குள் நெருக்கி அடுக்க முடிவு செய்தார்கள். 2016 மார்ச் முதல் 2017 மார்ச் வரை ஏலம் நடந்தது. விலகிக்கொள்ள விரும்பும் நிலையத்துக்குப் பணம், இருக்க விரும்பும் நிலையத்துக்கு வேறு ஒரு சேனல். ஒவ்வொரு நிலையத்துக்கும் விலையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த நிலையம் விலக மறுத்தால், ஏற்கெனவே இருப்பவர்களோடு சேர்த்து இதையும் மோதல் இல்லாமல் உட்கார வைக்க இடம் இருக்கிறதா? அப்படியே நம் கிராஃப் தாள் கணக்குதான், ஆனால் கனடா நிலையங்களும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டிய புள்ளிகள், இது இருந்தால் அது கூடாது என்ற நிபந்தனைகள் சுமார் 27 லட்சம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெவின் லேட்டன் பிரவுன் குழு செய்த மென்பொருள் பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் சொன்னது, பல வகைத் தேடல் முறைகளை ஒன்றாக ஓடவிட்டு, எது முதலில் விடை தருகிறதோ அதை எடுத்துக்கொண்டு. ஏல வடிவமைப்பை முன்னின்று செய்த பால் மில்குரோம் 2020-ல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவர். 84 மெகாஹெர்ட்ஸ் காலியானது, ஏலத்தில் வந்தது ஏறத்தாழ 1,980 கோடி டாலர். அப்புறம் 987 நிலையங்களைப் புதிய சேனலுக்கு மாற்ற வேண்டும், ஒருவர் காலி செய்தால்தான் இன்னொருவர் வரமுடியும், எனவே யார் எப்போது நகர்வது என்பதற்கும் தனியாகக் கணக்குப் போட்டு, பத்துக் கட்டமாகப் பிரித்து, 2020 ஜூலையில் முடித்தார்கள். ஒரு கண்டம் அளவுள்ள நாட்டில் இது நடந்திருக்கிறது. முப்பது வீட்டில் நடக்காதா?

நடக்க வேண்டுமானால் மூன்று பேர் அசைய வேண்டும். இணைப்பு நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்களில் பலவற்றை டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாகத் தொலைவிலிருந்தே அமைக்க முடியும். அதாவது ஒரு கட்டடத்தில் தங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருடைய சேனலையும் சக்தியையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து மாற்றும் வசதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புகார் வந்தால் ரீஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் வைத்திருக்கக் கூடாது. ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருப்பதால் ஒருவர் மட்டும் செய்தால் அரைகுறையாகத்தான் இருக்கும், அதனால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வர வேண்டும். 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தரமதிப்பு கொடுக்கும் ஒழுங்குமுறையை டிராய் வெளியிட்டதே, அதில் தரமதிப்பு கேட்கும் ஒவ்வொரு குடியிருப்பும் வைஃபை சேனல் திட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று சேர்க்கலாம். கட்டுநர்களும் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே ஒவ்வொரு அறைக்கும் லேன் கேபிளுக்கு ஒரு குழாய் பதித்துவிட்டால், ஒரே ரவுட்டர் நான்கு சுவரைத் தாண்டிக் கத்த வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பிக்கலாம். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் உட்கார்ந்து பேசுகிறோம், இதற்கு அரை மணி நேரம் போதும். தங்கள் நாளிதழிலும் ஒரு சின்னக் கட்டத்தில் அந்த மூன்று மாடி எண் வரிசையை, 2.4-ல் அகலம் 20, சக்தி நடுத்தரம், ஆட்டோ வேண்டாம் என்ற குறிப்போடு அச்சிட்டால், வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தகவல் தொடர்பியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்